பக்கத்துத் தோட்டத்தில் இடி விழுந்தால் நம் ஸ்டார்ட்டர் போர்டு ஏன் எரிகிறது?

பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் கோடை மழைக்குப் பிறகு வழக்கமாக வரும் கேள்வி இது. இடி விழுந்தது பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில். நம் மோட்டாரின் செல்போன் ஸ்டார்ட்டர் (போனிலிருந்தே மோட்டாரை ஓட்டும், நிறுத்தும் மின்னணுப் போர்டு உள்ள பெட்டி) ஏன் போனது?

காரணம், மின்காந்தக் குறுக்கீடு. அதாவது, வெளியே எழும் மின்காந்த அலை, தொடாமலேயே நம் கருவிக்குள் மின்சாரத்தைக் கிளப்புவது. மின்னலில் பல ஆயிரம் ஆம்பியர் கண்மூடித் திறப்பதற்குள் பாய்கிறது. அந்த வேகத்தில் எழும் காந்தப்புலம் அருகிலுள்ள நீளமான கம்பிகளில் எல்லாம் மின்னழுத்தத்தைத் தூண்டும். மோட்டார் ரூமிலிருந்து போர்வெல் வரை ஓடும் கேபிள் அதற்கு நல்ல ஆண்டெனா. பழைய காண்டாக்டர் ஸ்டார்ட்டர் (காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச் உள்ளது) 415 வோல்ட்டில் உழைப்பது, பெரும்பாலும் தாங்கிவிடும். செல்போன் ஸ்டார்ட்டர் போர்டில் உள்ள சில்லு (சிப்) சுமார் 3.3 வோல்ட்டுக்கானது, உள்ளே மின்காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒருமுறை ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீரை அப்படியே சொட்டுநீர்க் குழாய்க்குள் திருப்பிவிட்டது போலத்தான்.

மின்னல் மட்டும் இப்படிச் செய்வதில்லை. 1962 ஜூலையில் பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்தபோது, சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி ஹவாயில் அந்த வெடிப்பின் மின்காந்த அலையால் தெருவிளக்குகள் அணைந்தன.

சரி, சுவிட்சை அணைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது, கம்பி இணைந்திருக்கும்வரை ஆபத்து இருக்கிறது, அதனால் வானம் இருட்டும்போதே இணைப்பைப் பிரித்துவிடுங்கள், இடி தொடங்கிய பின் தொடாதீர்கள்.