ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு மாநில அரசுகள் பணம் தருவதில் அர்த்தம் இருக்கிறதா?

அமெரிக்காவில் மத்திய எரிசக்தித் துறையே ஹைட்ரஜனுக்கும், அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லுக்கும் கோடிகளைக் கொட்டும்போது, கலிஃபோர்னியா, ஒஹாயோ போன்ற மாநிலங்கள் தனியாகப் பணம் போடுவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் என்று சொல்ல மாட்டேன். எதில் போடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஃபியூயல் செல் சோதனைக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்தவன் நான். செல்லுக்குள் வினையைத் தூண்டும் பிளாட்டினத்துக்கு மாற்று தேடுவது, செல்லின் நடுவே அயனிகளைக் கடத்தும் புதுச் சவ்வு உருவாக்குவது போன்ற வேலைகளுக்கு மாநிலத்தின் காசு பத்தாது. பலன் தெரியப் பல வருடம் ஆகும், அதுவரை காத்திருக்கச் சட்டமன்றத்துக்குப் பொறுமையும் கிடையாது. அதை வாஷிங்டன் பார்த்துக்கொள்ளட்டும். ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் நடுவே யாரும் சீந்தாத வேலைகள் கிடக்கின்றனவே, அவற்றுக்குத்தான் மாநிலம் வேண்டும்.

ஹைட்ரஜன் பம்பில் இருக்கும் மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பம்புகளைச் சோதித்து முத்திரையிடுவது மாநிலங்களின் பொறுப்பு. கலிஃபோர்னியாவில் அதைச் செய்வது, நம்பினால் நம்புங்கள், உணவு வேளாண்மைத் துறையின் ஒரு பிரிவு! ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு), மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து, சில நிமிடங்களில் காருக்குள் தள்ளுகிறார்கள். பாயும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நிரப்பி முடித்ததும் குழாயில் தங்கிய வாயுவை வெளியே விட வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்கு யார் காசு கொடுப்பது? சரி, எடை போட்டுச் சரிபார்க்கலாம் என்றால், ஏறக்குறைய 5 கிலோ வாயு பிடிக்கும் கலன்களே 90 கிலோவை நெருங்குகின்றன, அதில் சில கிராம் வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். கடைசியில் பெட்ரோல் பம்புக்கு அனுமதிப்பதைவிட அதிகப் பிழையை விட்டுக்கொடுத்துத்தான் விதி எழுத முடிந்தது. கலிஃபோர்னியா ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர், மாநிலம் முழுக்க ஹைட்ரஜன் நிலையங்கள் அமைக்கும் 'ஹைட்ரஜன் நெடுஞ்சாலை'யை அறிவித்தது 2004-ல். பொதுமக்களுக்குக் கிலோ கணக்கில் விற்க முதல் அனுமதி, லாஸ் ஏஞ்சல்ஸ் மாநிலப் பல்கலைக்கழக வளாக நிலையத்துக்குக் கிடைத்தது 2015 தொடக்கத்தில். இந்த வேலைக்கு ஒரு கம்பெனி மட்டும் தனியாகச் செலவு செய்யுமா? பலன் போட்டிக் கம்பெனிக்கும் போகுமே.

எரிபொருளின் தூய்மையும் இதே ரகம். வாகன ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 14687 என்ற சர்வதேசத் தரவிதி. இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். சோதனை மேசையில் ஓடும் செல்லில் மின்னோட்டத்தை மாற்றாமல், வாயுவில் அதைத் துளி கலந்துவிட்டுத் திரையைப் பாருங்கள். வோல்டேஜ் கோடு மெல்லச் சரிய ஆரம்பிக்கும். பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனுக்கு இருக்க வேண்டிய இடத்தை கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்கிறது. சுத்தமான வாயுவுக்கு மாற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். கந்தகம் என்றால் அவ்வளவு சுலபத்தில் மீளாது.

பணம் சறுக்கிய இடமும் உண்டு. 100 நிலையங்கள் வரும்வரை ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்க 2013-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. ஆனால் கிலோ விலை 36 டாலர் வரை ஏறியது. 2024 பிப்ரவரியில் எண்ணெய் நிறுவனமான ஷெல் அங்கே தன் கார் நிலையங்களை மூடிவிட்டது. நிலையம் கட்டுவதில் காட்டிய அக்கறையை, வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் பழுதாகாமல் ஓடுவதிலும் காட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கம்ப்ரசர் ஆராய்ச்சி என்றால் ரிப்பன் வெட்ட யார் வருவார்கள், அதுவும் ஒரு காரணம்.

ஒஹாயோ கதை வேறு மாதிரி. 2002-ல் தொடங்கிய 'தேர்ட் ஃபிரான்டியர்' என்ற மாநிலத் தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தில் ஃபியூயல் செல்லும் இடம்பெற்றது. அதற்கான கடன் பத்திரங்களை 2005-லும் 2010-லும் மக்களே வாக்களித்து ஏற்றார்கள். கேண்டன் நகரை ஒட்டிய ஸ்டார்க் ஸ்டேட் கல்லூரி வளாகத்தில் மாதிரி தயாரிக்கும் மையம் ஒன்று எழுந்தது. ரோல்ஸ் ராய்ஸின் ஃபியூயல் செல் பிரிவு அங்கே வந்தது. 2012-ல் அது எல்ஜி கைக்குப் போனது, 2018 இறுதியில் மூடப்பட்டது. தோல்வி என்று எழுதிவிடலாம்தான். ஆனால் நான் பார்ப்பது, பணம் கம்பெனியின் பெயரில் போனதா, கல்லூரியின் பெயரில் போனதா என்பதை. கம்பெனி எந்த நாளும் கிளம்பலாம். கல்லூரிக்கு வாங்கிய சோதனைக் கருவியும், அதில் கை பழகிய டெக்னீஷியனும் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்கள். பக்கத்துக் கேண்டனில் உள்ளூர்ப் போக்குவரத்து அமைப்பான சார்ட்டா இப்போது ஹைட்ரஜன் பேருந்துகளை ஓட்டுகிறது. அவற்றைப் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டுமே.