கழற்றி மாட்டினால் போய்விடும் அனுமதி

வணக்கம் சார், எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணு போர்டு) வகுப்பு எடுக்கிறேன். எல்லாம் உபுண்டு லினக்ஸ் கணினிகள். பிள்ளைகள் கேபிள் வழியாகப் போர்டில் புரோகிராமை ஏற்றும்போது அனுமதி இல்லை என்று பிழை வருகிறது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் சிஎச்மாட் 777 கட்டளையைப் போட்டால் சரியாகிறது, கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி அதே பிழை. ஒவ்வொரு மேசையாக ஓடி பாஸ்வேர்டு அடிக்கிறேன். நிரந்தரமாக ஒரு வழி சொல்லுங்கள்.
- க.

அன்புள்ள க.,

நீங்கள் ஓட வேண்டியதே இல்லை. போர்டைச் செருகும்போதெல்லாம் டெவ் கோப்புறைக்குள் அதற்கென்று ஒரு கோப்பு புதிதாக உருவாகிறது, கழற்றினால் அழிந்துவிடுகிறது. நீங்கள் 777 கொடுத்தது அந்த அழிந்துபோன கோப்புக்கு. புதிதாக வரும் கோப்புக்கு, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற சேவை தன் விதிப்படி உரிமையாளர் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு), குழு டயல்அவுட், அனுமதி 660 (உரிமையாளரும் குழுவினரும் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று போட்டுவிடும். டயல்அவுட் என்பது மோடம் வைத்து டயல் செய்த காலத்துப் பெயர், இன்னும் அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, மாற்ற வேண்டியது கோப்பை இல்லை, ஆளை. பிள்ளைகள் உள்ளே நுழையும் கணக்கை டயல்அவுட் குழுவில் சேருங்கள். யூசர்மாட் கட்டளை, அதோடு சிறிய ஏ, பெரிய ஜி இரண்டும் வேண்டும். அந்தச் சிறிய ஏ-வை மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் மற்ற கூடுதல் குழுக்களிலிருந்தெல்லாம் அந்தக் கணக்கு நீங்கிவிடும், உங்கள் சொந்தக் கணக்கில் இப்படிச் செய்தால் சூடோ உரிமையும் (ரூட் அதிகாரத்தில் கட்டளையிடும் உரிமை) சேர்ந்து போய்விடும்.

சேர்த்த உடனே முயன்று பார்த்துவிட்டுப் பலிக்கவில்லை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். குழு விவரம் லாகின் ஆகும்போதுதான் ஏறும். குரூப்ஸ் என்று மட்டும் அடித்தால் இந்த செஷனில் உள்ள குழுக்களைக் காட்டும், பக்கத்தில் கணக்கின் பெயரையும் அடித்தால் பதிவில் உள்ளதைக் காட்டும், இரண்டும் வேறாக இருந்தால் வெளியேறி உள்ளே வாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட்.

777 பழக்கத்தை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளுக்குக் கற்றுத்தராதீர்கள். போர்டில் அதனால் பெரிய கேடு இல்லை, ஆனால் அதே கை நாளை ஹார்ட் டிஸ்க்கின் சாதனக் கோப்பிலும் அதையே அடிக்கும், அப்புறம் அந்தக் கணினியில் எந்தக் கணக்கும் யாருடைய கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம். அந்தக் கோப்பைத் திறக்க உரிமையுள்ள டிஸ்க் என்ற குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் ஏறக்குறைய ரூட் அதிகாரத்தையே கொடுப்பதுதான். ஆர்டுயினோ மென்பொருளை சூடோ போட்டுத் திறப்பதும் வேண்டாம், அதில் சேமிக்கும் கோப்பெல்லாம் ரூட்டின் பெயரில் போய்விடும், அடுத்த வாரம் பிள்ளைகளால் திருத்த முடியாது.

இன்னொன்று. உங்களுடையது உபுண்டு 22.04, போர்டில் யூஎஸ்பி இணைப்புக்கு இருப்பது சிஎச்340 சிப் என்றால், செருகியதும் சாதனக் கோப்பு வந்த வேகத்தில் காணாமல் போகலாம். இது அனுமதிப் பிரச்சினை இல்லை. பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்டி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைப் பிடித்துக்கொள்கிறது, கணினியின் சாதனச் செய்திகளைக் காட்டும் டிமெஸெக் கட்டளையை அடித்தால் அந்தப் பெயர் தெரியும். பிரெய்ல் காட்டி தேவைப்படும் பிள்ளை யாரும் அந்தக் கணினியில் உட்காரவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தச் சேவையை நீக்குங்கள்.