விடை சரியாக இருந்தும் இயற்கணிதத்தில் மதிப்பெண் குறைப்பது நியாயமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். மாதத் தேர்வில் ஓர் இயற்கணிதக் கணக்குக்குச் சரியான விடை எழுதியிருக்கிறாள். படிகள் இல்லை என்று ஆசிரியை 5க்கு 2 போட்டிருக்கிறார். இது நியாயமா?

நியாயம்தான். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். ஒவ்வொரு வருடமும் விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். டீச்சருக்கு டீச்சர் வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் மேல் எனக்கிருக்கிற கோபத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள் கெட்டிக்காரியாகத்தான் இருக்க வேண்டும். மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்து விடையை எழுதிவிடுகிற பிள்ளைக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். இல்லையென்றால் ட்யூஷனில் ஏதோ குறுக்கு வழி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதுவானாலும் பொதுத் தேர்வுத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1 மதிப்பெண் வினா 14, 2 மதிப்பெண் வினா 10, 5 மதிப்பெண் வினா 10, கடைசியில் வடிவியலும் வரைபடமும் தலா 8. ஆக 100க்கு 14 மட்டும்தான் விடையை மட்டும் பார்த்துப் போடுகிற மதிப்பெண். அதற்கும் 'குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்' என்று தாளிலேயே அச்சடித்திருக்கும். மீதி 86க்கும் படிகளைப் பார்த்துத்தான் திருத்துவோம். ஆசிரியை இப்போதே கறாராக இருப்பது மார்ச் மாதத்தில் உங்கள் பெண்ணுக்குத்தான் உதவும்.

சரி, தேர்வை விடுங்கள். கணக்குக்கே வருகிறேன். 'ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் 12. அந்த எண்ணைக் காண்க' என்று ஒரு தேர்வில் கேட்டிருந்தேன். வகுப்பிலேயே வேகமான பையன் ஒருவன் '3' என்று மட்டும் எழுதி, பெரிதாகக் கட்டம் போட்டு வைத்திருந்தான். 3ம் 9ம் 12, சரிதான். ஆனால் −4 எங்கே போயிற்று? −4இன் வர்க்கம் 16, அதோடு −4ஐக் கூட்டினாலும் 12தான். சமன்பாடாக எழுதிக் காரணிப்படுத்தியிருந்தால் இரண்டு மூலங்களும், அதாவது சமன்பாட்டின் இரண்டு விடைகளும், தானாக வந்து நின்றிருக்கும். ஊகித்துப் பிடிக்கிற பிள்ளைக்குக் கண்ணுக்கு முன்னால் இருக்கிற எண்தான் கிடைக்கும், கழித்தல் குறியோடு இருப்பது கிடைக்காது. அவன் அப்பா பள்ளிக்கு வந்து, "என் பையன் எழுதினது தப்பா டீச்சர்?" என்று கேட்டார். நான் அந்த −4ஐ எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

படிகளுக்கு மதிப்பெண் என்பது பிள்ளையிடமிருந்து பிடுங்குவதற்காக வந்த ஏற்பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது காப்பாற்றின பிள்ளைகள்தான் அதிகம். கெழுக்கள், அதாவது மாறிகளோடு வருகிற எண்களும் கடைசியில் தனியாக நிற்கிற எண்ணும், 2, −5, −3 என்று வருகிற இருபடிச் சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் வருகிற தன்மைக்காட்டி 25 + 24 = 49, மூலங்கள் 3, −1/2. ஒரு பெண் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதுகிறாள், பிரதியிடுவதும் சரி, ஆனால் அவசரத்தில் 25 − 24 = 1 என்று போட்டுவிடுகிறாள். 3/2ம் 1ம் விடையாக வருகிறது. விடையை மட்டும் பார்த்தால் பூஜ்யம். படிகளைப் பார்த்தால் 5க்கு 3 போடலாம். அதற்கும் மேலே ஒன்று உண்டு: 3/2, 1 என்பது கடைசிக் கெழு +3 ஆக இருந்தால் வரக்கூடிய சரியான விடை. அவளுக்கு முறை முழுக்கத் தெரியும், ஒரே ஒரு குறியில் வழுக்கியிருக்கிறாள் என்பதை அந்தப் படிகள்தான் எனக்குச் சொல்கின்றன. மறுநாள் அவளைக் கூப்பிட்டு எதைச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் தெரிகிறது.

இதையெல்லாம் சொல்வதால், ஆசிரியர் கரும்பலகையில் போட்ட அதே படிகளை அப்படியே எழுத வேண்டும் என்று சொல்வதாக யாரும் கமெண்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம். அதை எதிர்த்துச் சண்டை போட்டவள் நான்.

ஒரு வருடம் பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். கோடை வெயில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க எல்லோரும் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியை ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, "கீயில வகுத்தல் முறைதானே இருக்கு, இதுக்கு எப்படி டீச்சர் போடுறது?" என்றார். கீ என்பது திருத்துவதற்காக எங்களுக்குக் கொடுக்கிற விடைக்குறிப்பு. நான்காம்படிப் பல்லுறுப்புக் கோவைக்கு வர்க்கமூலம் காண வேண்டும். கெழுக்கள் 1, −4, 10, −12, 9. நாங்கள் எல்லோரும் சொல்லிக் கொடுப்பது நீள் வகுத்தல். அந்தப் பிள்ளை வகுக்கவே இல்லை. வர்க்கமூலம் ஓர் இருபடிக் கோவையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி, தெரியாத கெழுக்களை ஏ, பி என்று வைத்துக்கொண்டு, வர்க்கப்படுத்தி, ஒப்பிட்டு, ஏ = −2, பி = 3 என்று கண்டுபிடித்திருந்தது. அதோடு நிறுத்தவில்லை. மீதமிருந்த இரண்டு கெழுக்களும் பொருந்துகின்றனவா என்றும் சரிபார்த்திருந்தது. வினாவில் வகுத்தல் முறையில் என்று எங்கும் கேட்கவில்லை.

முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டு போனேன். அவர் தாளை முழுதாகப் பார்க்காமலே, "கீயில இல்லையேம்மா, விடைக்கு மட்டும் ஒண்ணு போட்டு விடுங்க" என்றார். விட மனம் வரவில்லை. "சார், சரியான வேறு முறைக்கும் மதிப்பெண் உண்டு, ஒரு தடவை வரிவரியாகப் படிச்சுப் பாருங்க" என்று நின்றேன். வரிசையில் இரண்டு பேர் எனக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பேனாவை எடுத்து ஓரத்தில் அவரே போட்டுப் பார்த்தார். "அஞ்சு போடுங்கம்மா" என்றார். எந்த ஊர்ப் பிள்ளை, ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. பெயரும் பதிவெண்ணும் இல்லாமல்தான் தாள் எங்கள் கைக்கு வரும். அந்த நாலு மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பிள்ளை படிகளை எழுதியிருந்ததால்தான் என்னால் வாதாட முடிந்தது. வெறும் விடையை வைத்துக்கொண்டு யாரும் யாருக்காகவும் பேச முடியாது.

இப்போது எங்கள் ஆட்கள் மேல் இருக்கிற கோபம். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. தாளில் சிவப்பு மையில் '2' என்று மட்டும் இருக்கும், மூன்று எங்கே போயிற்று என்பதற்கு ஒரு குறிப்புகூட இருக்காது. அதைப் பார்த்துப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. படிப்பில் பின்தங்கியிருக்கிற சில பிள்ளைகளை, மெல்ல மலரும் மாணவர்கள் என்று பெயர் வைத்து, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தனியாகப் பிரித்துவிடுகிறோம். வடிவியல் 8, வரைபடம் 8, புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் அதிகபட்சம் 14. இதுவே 30. மேலே மூன்று இரண்டு மதிப்பெண் வினா எழுதினால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். இயற்கணிதத்தைத் தொடவே வேண்டாம், அந்த வரைபடத்தைக்கூட அட்டவணையை உருப்போட்டுப் புள்ளி வைத்தால் போதும். பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி. அந்தப் பிள்ளை பாலிடெக்னிக் போய் ஒரு சின்னச் சமன்பாட்டில் எண்ணைப் பக்கம் மாற்றத் தெரியாமல் முழிக்கும்போது நாங்கள் யாரும் அங்கே இருக்க மாட்டோம். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம். ஆனால் பள்ளிகளைத் தேர்ச்சி சதவீதத்தால் அளப்பது நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு முப்பருவ முறை இருந்தபோது எழுத்துத் தேர்வுக்கு 60, வகுப்புச் செயல்பாடுகளைப் பார்த்துப் போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்திருந்தார்கள். எண்ணம் உயர்ந்தது. நடந்தது என்னவென்றால், சார்ட் ஒட்டியவருக்கும் ஒட்டாதவருக்கும் அந்த நாற்பதில் அள்ளிப் போட்டு முடித்தார்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு வகுப்பின் தாள்களைப் படிபடியாகப் படித்துத் திருத்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகிறது. வார நாளில் செய்யலாம் என்றால், ஓய்வுப் பாடவேளை முழுக்கச் செயலியில் வருகைப்பதிவு, அந்த விவரம், இந்தப் பதிவேற்றம் என்று போய்விடுகிறது. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், நாங்கள் போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம். டீச்சர் வெறும் '2' போட்டு அனுப்புகிறார் என்று திட்டுகிற அப்பா அம்மாக்கள் இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அந்த விடைத்தாளோடு மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியையைப் பாருங்கள். "ஏன் குறைத்தீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "இந்தக் கணக்கில் எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று இவளுக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியை என்றால் சந்தோஷமாக உட்கார்ந்து எழுதிக் காட்டுவார். உங்கள் மகள் சொந்த முறையில் போட்டிருந்தால் அதையும் அங்கேயே விளக்கச் சொல்லுங்கள். அவள் சரியாக விளக்கியும் அவர் ஏற்க மறுத்தால், தலைமை ஆசிரியரிடம் போவதில் தப்பே இல்லை.