தீவுகளில் குடிநீரும் கடல் அரிப்பும்: கேள்வி பதில்

(கடலோரக் கட்டுமானத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் வசிக்கும் பொறியாளர், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

கானாடுகாத்தான் ஆச்சி: மாலத்தீவில் ஒரு சிறு தீவில் என் மகன் ஆசிரியராக இருக்கிறான். கிணற்று நீர் உவர்க்கிறதாம். நம் வளவில் (முற்றம் வைத்த வீட்டில்) மழைநீர் பிடிப்பதுபோல் அங்கும் பிடிக்கலாமா?

ஆச்சி, அதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால், சிதறுவது போக ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 480 லிட்டர் தொட்டிக்கு வந்து சேரும். வளவில் நாற்புறக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிவதால் அண்டாவை வைத்தாலே போதும். அங்கே தகரக் கூரையின் ஓரமெல்லாம் வாய்க்கால் பொருத்த வேண்டும். கூரையில் படிந்த உப்பும் பறவை எச்சமும் முதல் மழையில்தான் கழுவப்படும் என்பதால், அந்த நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றச் சொல்லுங்கள். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் புகக் கூடாது.

புதுவயல் உறுப்பினர்: ஆழ்துளைக் கிணறு போட்டால்?

தீவில் வேண்டாம்.

தேவகோட்டை உறுப்பினர்: நம் முன்னோர் ஊர்தோறும் ஊரணி வெட்டித்தான் வறட்சியை வென்றார்கள். தீவுக்கும் அதைச் சொல்லாமல் தொட்டி, தகரம் என்கிறீர்களே?

நம் ஊரணி வரத்துக்கால் வழியே வரும் மழைநீரை இறுகிய மண்ணில் தேக்குவது. பவளத் தீவின் மணலோ நீரைத் தாங்காது. அங்கே பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஒரு பங்கு நின்றால், கீழே சுமார் நாற்பது பங்கு இறங்கியிருக்கும் என்பது கணக்கு. ஆகவே மேல்மட்டம் பத்து சென்டிமீட்டர் குறைந்தால், அடியிலிருந்து உப்பு நீர் நான்கு மீட்டர் ஏறிவிடும். குளம் வெட்டினால் அந்தப் படலத்தை வெயிலுக்கும் அலைக்கும் திறந்துவைத்தவர்களாவோம்.

தங்கச்சிமடம் உறுப்பினர்: தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. பிறகேன் இவ்வளவு பயம்?

பயமில்லை, அதுவே சரியான முறை. ஆழம் போகாமல் மேலிருப்பதை மட்டும் மொண்டுகொள்கிறார்கள். அதே இடத்தில் மோட்டார் வைத்தால் சில நாளில் உவர்த்துவிடும். மீண்டும் சொல்கிறேன்: ஆழ்துளைக் கிணறு வேண்டாம்.

பள்ளத்தூர் உறுப்பினர்: சுற்றிலும் கடல் சுவர் எழுப்பினால் எல்லாம் தீருமே?

1987 வெள்ளத்துக்குப் பின் ஜப்பான் உதவியுடன் மாலே நகரைச் சுற்றி நாற்கால் கான்கிரீட் கட்டிகள் அடுக்கப்பட்டன. தலைநகருக்கு அது கட்டுப்படியாகும். சிறு தீவுகள் ஒவ்வொன்றுக்கும் ஆகாது. மேலும், சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடிமணலைச் சுரண்டும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு கூடும். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியதும் சேர்ந்து தூத்துக்குடி அருகே வான் தீவு கரைந்தபோது, கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். எனக்கு அந்த வழியே உகந்ததாகப் படுகிறது.

கண்டனூர் உறுப்பினர்: கடல் சுவர் போதாதா?

மேலே பள்ளத்தூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கோட்டையூர் உறுப்பினர்: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை?

நல்லதே. லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் கடல் மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழ்கடல் குளிர்நீரால் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும் ஆலை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்ததும் அந்த நகரமே தவித்து, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது.

காரைக்குடி உறுப்பினர்: பாம்பனில் வீடு கட்டுகிறேன். கம்பி துருப்பிடிக்காமலிருக்க?

நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் இதற்கென்றே சோதனை நிலையம் வைத்திருக்கிறது, அவர்களைக் கேளுங்கள். கடல் மணலும் உவர்நீரும் கலவையில் சேரவே கூடாது. கடல்நீர்த் தூவல் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடல் வேண்டும். அலை ஏறி இறங்கும் இடமானால் 75.

குன்றக்குடி உறுப்பினர்: மாலத்தீவில் வேலைக்கு விசா?

என் துறையன்று.

தேவகோட்டை உறுப்பினர், மறுபடியும்: அடியில் தார்ப்பாய் விரித்து ஊரணி அமைத்தால்?

நீர் கீழே இறங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் குடிப்பதும் புயல் அலை உள்ளே புகுவதும் நிற்கா. அதற்கு மூடி போட்டு, மேட்டில் ஏற்றிவையுங்கள். நான் சொன்ன தொட்டி வந்துவிடும்.