இந்தக் காலத்தில் கிறிஸ்தவக் குடும்பமாக வாழ முடியுமா?

செல்போன், சினிமா, கல்லூரிச் சகவாசம் என்று எல்லாம் மாறிப்போன காலத்தில் வேதத்தின்படி குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ஆபத்து நவீன கலாச்சாரத்திலிருந்து மட்டும்தான் வருகிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், இப்போது சென்னையில் இருக்கிறோம். 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்', அதாவது உலகத்தைப் போல நடக்காமல், என்ற ரோமர் 12:2 வசனத்தை வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஜீன்ஸ், சினிமாப் பாட்டு, காதல் பற்றித்தான் பேசுவார்கள். வரதட்சணைக்கு அந்த வசனத்தை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை. நம் வீடுகளில் உலகத்தின் வேஷம் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது அப்பா முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்: "ரொக்கமும் வேண்டாம், பவுன் கணக்கும் வேண்டாம்." பெண் வீட்டார் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தோம். அவர்களுக்குச் சந்தேகம்தான் வந்தது. மாப்பிள்ளைக்கு ஏதாவது குறையா, வேலை நிரந்தரம்தானா என்று எங்கள் சபையிலேயே ஆள் வைத்து விசாரித்தார்கள். அப்புறம் பெண்ணின் தாய்மாமா வந்தார். நகை, பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் எழுதிய ஒரு தாளை அப்பாவிடம் நீட்டி, "நீங்க கேக்கலன்னாலும் நாங்க செய்யணும்லா, ஊர் என்ன சொல்லும்?" என்றார். அப்பா தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, "ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார். அதன் பிறகுதான் கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், ஓலை வாசித்து கல்யாணத்தை அறிவித்தார்கள்.

வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-லிருந்தே சட்டப்படி குற்றம். ஆனாலும் "பொண்ணுக்குச் சொத்துல பங்கு இல்லையே, அதுக்குப் பதிலாத்தான் நகை போடுறோம்" என்று நியாயம் சொல்வார்கள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. உண்மையிலேயே மகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் அவள் பேரில் எழுதி வைக்கலாம். சம்பந்தி வீட்டில் எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஜாதியும் இதே கதைதான். சபை வேறாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஜாதி மட்டும் மாறக் கூடாது என்கிறார்கள். 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை' என்ற கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாகச் சொல்லும் வீட்டில் இதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள். வீட்டில் வேதம் ஒரு பக்கமும் கல்யாணப் பேச்சு இன்னொரு பக்கமும் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் "நண்பர்களைப் பார்த்துக் கெட்டுப் போகாதே" என்று சொன்னால் எடுபடுமா?

மற்றபடி, நீங்கள் கேட்ட செல்போன், சினிமா விஷயங்களை நாங்கள் பெரிய சண்டையாக்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜெபம், அந்த நேரத்தில் எல்லார் போனும், என்னுடையதும் சேர்த்து, பக்கத்து அறையில் இருக்கும். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். வாசித்ததைப் பற்றிப் பிள்ளைகள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். என் மகள் ஒருநாள், "மத்த மதத்துல இருக்கிற என் ஃப்ரெண்டு நம்மளவிட நல்லவளா இருக்காளேம்மா" என்றாள். அன்றைக்கு ஜெபம் தாமதமாகத்தான் முடிந்தது, ஆனால் அப்படி மனம்விட்டுப் பேசிய நாட்கள் குறைவு. ஞாயிறு காலை கோச்சிங் வகுப்பு வந்தபோது வேறு பேட்ச் கேட்டு வாங்கினோம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், நாம்தான் கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் கல்யாண வயதில் மகன் இருந்தால், தரகரிடம் ஜாதகமில்லாத அந்த பயோடேட்டாவைக் கொடுப்பதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு பேச்சை எடுத்தால், அதற்குள் யாராவது ஒரு அத்தை பவுன் கணக்கைப் பேசி முடித்திருப்பார்.