யானைக்குப் பசிக்காதா?

அன்புள்ள சார்,

கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோம் மேல படையெடுத்து யானைங்களோட ஆல்ப்ஸ் மலைய தாண்டின கதைய ஒரு யானையே சொல்ற மாதிரி பத்து வயசு பசங்களுக்காக எழுதுறேன். நாலு அத்தியாயம் அனுப்பிருக்கேன். கடைசில யானை செத்துடலாமா, குழந்தைங்க தாங்குவாங்களா? படம் எத்தனை வைக்கலாம்?
கே.

அன்புள்ள கே,

படக் கணக்கெல்லாம் பதிப்பகத்துல கேட்டுக்கோங்க. ராத்திரி பாகன் தூங்கிட்டானான்னு யானை தும்பிக்கைய நீட்டி அவன் மூச்ச மோந்து பாக்குற இடம் இருக்கே, அங்க கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அடுத்த பக்கத்துலயே அதே யானை "இது கி.மு. 218, நாங்கள் 37 யானைகள்"னு ஆரம்பிக்குது. யாருங்க அதுக்கு சொன்னது? கிறிஸ்து பொறக்க இன்னும் எத்தன வருஷம் இருக்குன்னு ஹன்னிபாலுக்கே தெரியாதே! அது யானை இல்ல, யானைத்தோல் போத்தின வாத்தியார்.

எனக்கும் இந்த வியாதி இருந்துச்சு. ஒரு போர்க்குதிரை கதை எழுதி என் பொண்ணுக்கு படிச்சுக் காட்டினேன், அப்ப அவளுக்கு ஏழு வயசு, மூணு சண்டை ஒரு முற்றுகை எல்லாம் முடிஞ்சு நான் பெருமையா நிமிர்ந்தா, "அப்பா, குதிர இன்னும் தண்ணியே குடிக்கலையே"ன்னா. கதைல 11 நாள் ஓடிருச்சு. அந்த நோட்டு இன்னும் பரண்லதான் கெடக்கு.

பொலிபியஸ்னு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எல்லாம் எழுதி வச்சிட்டுப் போயிருக்கார், நீங்க தேதிய மட்டும் பொறுக்கிட்டு வந்திருக்கீங்க. ஆல்ப்ஸுக்கு முன்னாடி வர்ற ரோன் ஆத்துல தெப்பத்து மேல மண்ணக் கொட்டி, தரைன்னு நம்ப வச்சு, ரெண்டு பொட்ட யானைய முன்னாடி விட்டு மத்ததுங்கள ஏத்தினாங்க. கயித்த வெட்டி தெப்பம் நகர்ந்ததும் சிலது மிரண்டு தண்ணில விழுந்து, தும்பிக்கைய மட்டும் மேல நீட்டி மூச்சு விட்டுக்கிட்டே ஆத்தடில நடந்து கரையேறிடுச்சு. அதுங்களோட பாகனுங்க செத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அது யார் மூச்ச மோந்து பாக்கும்? நீங்க "ஆற்றைக் கடந்தோம்"னு ஒரே வரில தாண்டிட்டீங்க, பாவி மனுஷா.

அப்புறம் மலை எறக்கத்துல பாதை சரிஞ்சு கெடக்கு, குதிரைக்கு ஒரு நாள்ல வழி பண்ணிட்டாங்க, யானைக்கு மூணு நாள், அங்க புல்லும் கெடையாது மரமும் கெடையாது, நாளைக்கு 100 கிலோவுக்கு மேல திங்கிற உடம்பு. உங்க யானை என்னடான்னா தளபதியோட வீரத்த ஒரு பக்கம் புகழுது. பசிச்ச யானை யாரயாவது புகழுமா?

சாகணுமான்னு ஏதோ கேட்டிருந்தீங்க இல்ல. இத்தாலில ரோமப் படையோட நடந்த ட்ரெபியா சண்டைக்கு அப்புறம் குளிர்ல ஒரு யானை தவிர எல்லாம் போயிடுச்சுன்னு பொலிபியஸ்தான் சொல்றார். அடுத்த வருஷம் சதுப்பு நிலத்துல கண்ணு நோவோட ஹன்னிபால் ஏறிப் போனது அந்த ஒண்ணு மேலதான். உங்களோடது அதுவாவே இருக்கட்டும். மொதல்ல ரெண்டாவது அத்தியாயத்துல அதுக்கு ஏதாச்சும் திங்கக் குடுத்துட்டு திருப்பி அனுப்புங்க.