டயாலிசிஸில் இருப்பவருக்குப் புற்றுநோய் ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இப்போது பெருங்குடலில் புற்றுநோய், ஆபரேஷன் செய்யணும் என்கிறார்கள். உடம்பு தாங்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். தெரிந்த ஒருவர் வேறு ஆஸ்பத்திரியில் குறைந்த செலவில் ‘பேக்கேஜ்’ பேசித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? - வாசகர், விழுப்புரம்

பதில்: செய்யலாம். மற்றவர்களைவிட ஆபத்து அதிகம்தான், ஆனால் தயார்படுத்திச் செய்தால் பலரும் தேறி வருகிறார்கள். முதல் கவலை இதயம். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து, மயக்க மருத்துவர் சம்மதித்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். அடுத்தது ரத்தக்கசிவு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை ஒழுங்காக வேலை செய்யாது. புண் ஆறவும் நாளாகும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் டயாலிசிஸ் முடிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் மேசையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். விதிவிலக்கு, குடல் அடைத்துக்கொண்டாலோ ஓட்டை விழுந்தாலோ. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றுகூடப் பிரியவில்லை என்றால் “நாளைக்குத்தானே டயாலிசிஸ்” என்று வீட்டில் உட்காராதீர்கள். அப்போது பொட்டாசியத்தை மருந்தால் இறக்கிவிட்டோ, அவசரமாக டயாலிசிஸ் செய்தோ அன்றே அறுப்பார்கள். லேசான மலச்சிக்கலுக்கு இது பொருந்தாது.

சரி, அந்தப் பேக்கேஜ்காரர். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த ஆஸ்பத்திரியில், ஐசியூ கட்டிலுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் செய்ய முடியுமா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். வயிற்றைத் தைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ இவருக்கு டயாலிசிஸ் வேண்டும், அதுவும் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் இல்லாமல். மெஷின் இல்லாத நர்சிங் ஹோமில் அறுத்துவிட்டு, தையலோடு ஆம்புலன்ஸில் ஊர் சுற்ற வைப்பார்கள். ஆள் சேர்த்துவிட்டவருக்குக் கமிஷன் அன்றைக்கே போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இடையில் யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டாம். ஆபரேஷனுக்கு ஒரு ஒப்புதல், டயாலிசிஸுக்கு வேறொரு ஒப்புதல் என்று அலைய விடுவார்கள். ஒரே உடம்புக்கு எதற்கு இரண்டு ஃபைல் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அப்புறம், குடலைச் சுத்தம் செய்யப் பாஸ்பேட் கலந்த பேதி மருந்தோ எனிமாவோ கூடாது. தருபவரிடம் “டயாலிசிஸ் நோயாளி” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமான வலி மருந்துகள் சிலவும் இவர் உடம்பில் தேங்கும், மார்ஃபின் குறிப்பாக.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலா உள்ள கையில் பிபி பட்டையோ, டயாலிசிஸ் தவிர வேறு ஊசியோ கூடாது. “இந்தக் கையைத் தொடாதீர்கள்” என்று எழுதி அந்தக் கையிலேயே ஒட்டிவிடுங்கள். ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். வார்டுக்கு வந்ததும் விரலை வைத்துப் பாருங்கள், விர்ரென்ற அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடுராத்திரி ஆனாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.